பிளம்ஸ் மரத்துக்கு ஒரு நன்றிப் பூசை

இயேசு மரி சூசை துணை

இராயப்பன்பட்டி,
ஆகஸ்ட் கடைசி.

அன்பு மகள் ஏஞ்சலுக்கு அம்மா எழுதுவது. மாதாவின் தயவில் நானும் உங்கப்பாவும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், சுகம் என்று எழுதினால் பொய்யாகிவிடும், ஆனாலும் நீ பயப்படும்படி ஒன்றும் இல்லை. நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று செபமாலையில் உங்கள் முறை வரும்போது கொஞ்சம் நிறுத்தித்தான் சொல்கிறேன். போன் இருக்கும்போது இவள் எதற்குக் காகிதத்தில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் பேசினால் உங்கப்பா பக்கத்திலேயே வந்து நின்றுகொள்கிறார். உன்னோடு பிளஸ் டூ படித்த உத்தமபாளையம் ருக்சானா லீவு முடிந்து உங்கள் ஊருக்குத் திரும்புகிறாளாம், நேற்று வந்து என்னம்மா கொடுத்து அனுப்புறீக என்று கேட்டாள், தங்கமான பிள்ளை. பருப்புப் பொடியும் அதிரசமும் ஒரு துணிப் பொட்டலமும் அவளிடம் கொடுத்திருக்கிறேன். துணி என்னத்துக்கு என்று கடைசியில் சொல்கிறேன், அதற்குள் அவிழ்த்து மிதியடி ஆக்கிவிடாதே.

முதலில் நான் செய்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். மரம் பட்டுப்போன சங்கதியை அப்பாவிடம் சொல்லாதே என்று நீ என்னிடம் கேட்டுக்கொண்டாய் அல்லவா, சொல்லிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே, முழுதும் படி. போன வருடம் செப்டம்பரில் நீ வீடியோவில் தோட்டத்தைக் காட்டியது எனக்கு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. மூன்று பிளம்ஸ் மரமும் ஆள் உயரம், எந்தக் குளிரையும் தாங்குகிற ஜாதி என்று நர்சரியில் சொல்லிக் கொடுத்தார்கள், வைத்து மூன்று வருடமாகிறது, ஒரு பூகூட இல்லை என்று சலித்துக்கொண்டாய். உங்கப்பாவுக்கு அது போதாதா. கொடியானாலும் மரமானாலும் கத்திரி பட்டால்தான் காய்க்கும் என்று ஆரம்பித்தார், இலையை உருவு, கவாத்துப் போடு, தொழுவுரம் வை, நன்றாகத் தண்ணீர் விடு, பத்து நாளில் கண் திறக்கும் பார் என்றார். நாற்பது வருடம் திராட்சைக் கொடியை அப்படித்தானே எழுப்பிக்கொண்டிருக்கிறார், ஒரு காய்ப்பு இறங்கி மூச்சு விடுவதற்குள் அடுத்த கவாத்து. நீயும் டூட்டிக்கு நடுவில் ஏணி போட்டு ஏறி அவர் சொன்னபடியே செய்தாய். அந்த வருடம் அங்கே வெயில் கொஞ்சம் நீண்டதால் மரமும் தளிர்த்துத் தொலைத்தது. நீ அனுப்பிய போட்டோவை உங்கப்பா கம்பம் சந்தை வரைக்கும் கொண்டுபோய்க் காட்டினார். அப்புறம் அடித்த உறைபனியில் அந்தத் தளிரெல்லாம் வெந்த கீரை மாதிரி கறுத்துப்போய், வசந்தத்தில் பார்த்தால் இரண்டு மரம் அடியோடு காய்ந்திருந்தது. மூன்றாவதில் ஒரு முழ உயரத்துக்கு ஒரே ஒரு தளிர். அதை நீ என்னிடம் மட்டும் சொன்னாய்.

சொல்லிவிட்டு நீ உங்கப்பாவின் போனை எடுப்பதையே குறைத்துக்கொண்டாய். எனக்குப் புரிகிறது ஏஞ்சல். எடுத்தால் முதல் கேள்வியே மரம் பூத்துச்சா என்பதுதான், உனக்குப் பொய் சொல்லவும் வராது, உள்ளதைச் சொன்னால் அந்த மனிதர் உடைந்துபோவார். ஆனால் இங்கே அவர் என்ன நினைத்தார் தெரியுமா, பிள்ளைக்கு நாம் வேண்டாதவர்களாகிவிட்டோம் என்று நினைத்தார். இந்த வருடம் நம் திராட்சை இறங்குகிற நேரத்தில் மழை பிடித்து, வெடித்தது பாதி, செவட்டை நோய் விழுந்தது மீதி. மருந்தடித்து மருந்தடித்து அவர் கையில் தோல் உரிந்துவிட்டது. எனக்கு முழங்கால் கோயில் படி ஏறவே மாட்டேன் என்கிறது. இதற்கு நடுவில் தினம் சாப்பிட உட்காரும்போது, ஏஞ்சல் பேசினாளா, என்னைக் கேட்டாளா, மரத்தைப் பற்றி ஏதும் சொன்னாளா என்று நச்சரிப்பு. உனக்கும் அவருக்கும் நடுவில் நின்று நின்று எனக்கு அலுத்துப்போய்விட்டது, உள்ளதைச் சொல்கிறேன். ஒருநாள் அந்த அலுப்பில் சோற்றைப் போட்டபடியே, பூத்திருக்காம், நல்லாப் பூத்திருக்காம் என்று சொல்லிவிட்டேன். அந்த மனிதர் இன்னொரு கரண்டி சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அதைப் பார்த்த பிறகு நான் எப்படி மாற்றிச் சொல்வேன், நீயே சொல்.

ஆனால் பொய் சும்மா இருக்குமா. பனிமய மாதா திருவிழா நவநாளில் ஐந்தாம் நாள் பூசை. சாமியார் பீடத்துக்கு வந்து அன்றைய பூசைக் கருத்துகளை மைக்கில் வாசிக்கிறார், இன்னாருடைய ஆன்மா இளைப்பாற, இன்னார் மகளுக்குத் திருமணம் கூடி வர என்று வரிசையாக. அதற்கு நடுவில் உங்கப்பா பெயரைச் சொல்லி, கனடாவில் இருக்கும் மகள் ஏஞ்சலின் தோட்டத்துப் பிளம்ஸ் மரங்கள் பூத்ததற்கு மாதாவுக்கு நன்றியாக என்று வாசித்தார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போய் எழுதிக் கொடுத்திருக்கிறார். பனி தேசத்து மரம் அல்லவா, பனி மாதாவிடமே ஒப்புக்கொடுத்தால்தான் சரியாக இருக்கும் என்று கணக்கு. பெண்கள் பக்கத்தில் குபுக்கென்று சிரிப்பு. பக்கத்தில் இருந்த மலையம்மாள் என் தொடையில் தட்டி, மரத்துக்குப் பூசை வச்ச முத ஆளு உன் வீட்டுக்காருதான் என்றாள். ஆண்கள் பக்கம் திரும்பிப் பார்த்தேன், யார் சிரித்தாலும் சரி என்று உங்கப்பா வெள்ளை வேட்டியில் முழந்தாளிட்டு, கண்ணை மூடிக் கை கூப்பிக்கொண்டிருக்கிறார். செத்த மரத்துக்கு மாதாவிடம் நன்றி சொல்கிறார். அன்றைக்கு வரிசையில் நின்று நன்மை அப்பம் வாங்க நான் எழுந்து போகவில்லை, எந்த வாயால் வாங்குவது.

வீட்டுக்கு வரும் வழியில், பள்ளிக்கூடச் சுவர் ஓரமாக ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் சொல்லிவிட்டேன். பூக்கவில்லை, இரண்டு மரம் செத்துவிட்டது, கவாத்துப் போட்டதால்தான், பிள்ளை உங்கள் மனசு நோகுமே என்றுதான் பேசாமல் இருக்கிறாள் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் செருப்பைக் கழற்றி உள்ளே இருந்த கல்லைத் தட்டிவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டு நடந்தார். அப்புறம் நாலைந்து நாள் பேச்சே இல்லை. சாப்பாட்டில் உப்பில்லை என்றுகூடச் சொல்லவில்லை, சொல்லாமலே தின்றார். நான் தோட்டத்துப் பக்கம் போகும்போதெல்லாம் பூச்சி மருந்து டப்பா வைத்திருக்கிற அலமாரியைப் பூட்டிவிட்டுப் போனேன். இதை உன்னைப் பயமுறுத்த எழுதவில்லை, அந்த நாட்கள் எப்படிப் போயின என்று உனக்குத் தெரிய வேண்டும்.

நான் சொன்னதிலிருந்து ஆறாம் நாளோ ஏழாம் நாளோ விடிந்ததும் உன் பழைய காலேஜ் ஸ்வெட்டரை எடுத்து மாட்டிக்கொண்டு கிளம்புகிறார். எங்கே என்றால் கொடைக்கானல். நம்மிடம் முன்பு திராட்சை வாங்கி மலைக்கு ஏற்றின விஜயபாண்டி இப்போது மேல்மலையில் பேரிக்காயும் பிளம்ஸும் வைத்திருக்கிறார், அவரைப் பார்க்கப் போகிறாராம். தேனி போய், பெரியகுளம் வத்தலக்குண்டு என்று பஸ் மாறி, மலையில் இரண்டு தடவை வாந்தி எடுத்து, மறுநாள்தான் வந்து சேர்ந்தார். வந்து குளிக்கவில்லை, காப்பி குடிக்கவில்லை, வாசலில் உட்கார்ந்து என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "அந்த மரம் குளிர் வந்தா இலையக் கொட்டிட்டுத் தூங்குமாம்டி. நல்லாத் தூங்கி எந்திரிச்சாத்தான் பூவே வருமாம். அது படுக்கப் போற நேரத்துல நான் தட்டி எழுப்பி, சட்டை இல்லாமப் பனிக்குள்ள அனுப்பிட்டேன்." சொல்லிவிட்டு அழுதார் ஏஞ்சல். உங்க தாத்தா செத்தபோதுகூட அந்த மனிதர் அழுது நான் பார்த்ததில்லை. நான் அந்த ஸ்வெட்டரைக் கழற்றச் சொல்லி வாங்கி வெயிலில் போட்டேன்.

மிச்சம் இருக்கிற மரத்தையும் பிடுங்கிவிட்டுப் புல் போட்டுவிடட்டுமா என்று கேட்டிருந்தாய். பிடுங்காதே. உங்கப்பா சொல்லச் சொல்ல எழுதுகிறேன், மலைக் குளிர் வேறு உங்கள் குளிர் வேறு என்று அவரே சொல்கிறார், அதனால் நர்சரியிலும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள். அந்தத் தளிர் ஒட்டுக் கட்டின இடத்துக்கு மேலிருந்து கிளம்பியிருக்கிறதா கீழிருந்தா என்று முதலில் குனிந்து பார், கீழே என்றால் அது காட்டு வேரின் தளிர், நல்ல ஜாதி போய்விட்டது என்று அர்த்தம். மேலே என்றால் உயிர் இருக்கிறது. நீ எனக்கு அனுப்பின தளிரின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து மேலேதான் என்கிறார், ஆனாலும் அவர் கண்ணை நம்ப வேண்டாம். இனிமேல் உரம் வைக்காதே, தண்ணீரையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறை, செப்டம்பர் பிறக்கப் போகிறது, கத்திரியைத் தொடவே தொடாதே. இலை தானாகக் கொட்டட்டும். மண் உறைந்து இறுகும் சமயத்தில் அடியில் வைக்கோலைப் பரப்பு, தண்டை ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி. பனி விழுந்தால் அதையும் அள்ளி வேர் மேல் குவிக்கலாமாம், பனியே போர்வையாம், கேட்க வேடிக்கையாக இருக்கிறது. முயல் வந்து பட்டையைக் கடிக்கும் என்று நீ சொன்னாயே, அதற்குச் சுற்றிக் கம்பி வலை கட்டு. பிளம்ஸ் ஒண்டியாக நின்றால் காய் பிடிக்காதாம், வேறு ஜாதி ஒன்று கண்ணுக்கெட்டும் தூரத்தில் பூக்க வேண்டுமாம், அதனால் பனி உருகினதும் துணைக்கு ஒன்று வாங்கி வை. பொட்டலத்தில் இருப்பது உங்கப்பாவின் பூசை வேட்டி, நவநாளுக்குக் கட்டியிருந்தாரே அதேதான். பட்டை பட்டையாக அவரே கிழித்துத் துவைத்து மடித்துக் கொடுத்தார். குளிர்கால வெயில் பட்டால் தண்டு வெடிக்கும், வெள்ளைத் துணி சுற்றினால் தாங்கும் என்று சொல்லியிருக்கிறார்கள். பனி போனதும் மறக்காமல் அவிழ்த்துவிடு, இறுகிவிடும். அந்த ஊர்க் கடையில் இதற்கென்றே துணி கிடைக்கும் என்று எனக்கும் தெரியும், அவரிடம் சொல்லாதே.

இன்னொரு சங்கதி. நேற்று தவசி ஆட்களைக் கூட்டிக்கொண்டு கவாத்துக்கு வந்துவிட்டார், வழக்கமாக இந்நேரம் வெட்டியாக வேண்டும், இல்லையென்றால் அடுத்த காய்ப்பு தள்ளிப்போகும். உங்கப்பா அவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்து, கொடி கொஞ்ச நாள் சும்மா கிடக்கட்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார். தவசி என்னிடம் வந்து, என்னக்கா அவுகளுக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்கிறார். சரியாகத்தான் இருக்காக என்றேன். மத்தியானம் உங்கப்பா சாப்பிட்டுவிட்டுத் திராட்சைப் பந்தலுக்கு அடியில் துண்டை விரித்துப் படுத்துத் தூங்கினார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் பகலில் தூங்கி நான் பார்த்ததே இல்லை. நானும் கொஞ்சம் தள்ளிப் படுத்தேன். எழுந்திருக்க மனசே வரவில்லை.

அவர் விடியற்காலை மோட்டார் போடப் போகும் முன் உனக்குப் போன் போடுவாரே, அது உனக்கு நைட் டூட்டிக்கு முன்னால் கண் அசரும் நேரம் என்று இத்தனை நாளாக அவருக்குத் தெரியாது. ஐந்து மணிக்கு எழுப்பி எழுப்பிப் படிக்க வைத்த பழக்கம் விடவில்லை போல. நான் சொன்னேன். இப்போது கையில் போனை வைத்துக்கொண்டு, இப்ப அங்கன என்ன மணி, தூங்குவாளா, முழிச்சிருப்பாளா என்று என்னைக் கேட்கிறார், கேட்டுவிட்டுப் போடாமல் சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறார். நீயாகக் கூப்பிடு தாயி. மரத்தைப் பற்றிக் கேட்கவே மாட்டேன் என்று எனக்குச் சத்தியம் செய்திருக்கிறார். கேட்பார். கேட்டால் உள்ளதைச் சொல், இனி எனக்கு நடுவில் நிற்கத் தெம்பில்லை.

மாப்பிள்ளையிடம் எங்கள் அன்பைச் சொல். அதிரசத்தைப் பங்கு வைத்து ருக்சானா வீட்டுக்கும் கொஞ்சம் கொடு. டூட்டி டூட்டி என்று சாப்பிடாமல் ஓடாதே. மாதா தன் போர்வையால் உங்கள் இருவரையும் மூடிக் காக்கட்டும்.

ஆசீர்வாதத்துடன்,
உன் அம்மா
சூசையம்மாள்

உங்கப்பா தன் கையால் ஒரு வரி எழுத வேண்டுமாம், இடம் விட்டிருக்கிறேன்.

ஏஞ்சலு, அப்பா. அந்த மரத்தத் தொடாத ஆத்தா, தூங்கட்டும். நீயும் தூங்கு. நான் எழுப்ப மாட்டேன்.