தலை எண்ணிக்கை

பாப்பாவுக்கு,

போட்டில் ஆள் எண்ணும் அஸ்லம் மேல் நீ கடல் தாண்டி மெயின்லேண்டிலிருந்து எழுதி அனுப்பிய புகாரில் நான் கையெழுத்துப் போடவில்லை. காரணத்தைப் போனில் சொல்ல வாய் வரவில்லை.

முப்பதாவது கல்யாண நாளுக்காவது ஹம்பியைக் காட்டுவதாக அப்பா சொல்லியிருந்தார். மெயின்லேண்டுக்குக் கப்பல் டிக்கெட் கிடைக்கவில்லை. "இடிஞ்ச கட்டடந்தானே, இங்கேயே இருக்கு, வா" என்று எதிரே இருக்கிற ராஸ் தீவுக்கு போட்டில் கூட்டிப் போனார். எனக்குக் கோபம் அடங்கவில்லை. ஆலமர வேர் மூடிய அந்தச் சர்ச் சுவரிடம் வந்ததும், "நெஞ்சு கரிக்குது, கொஞ்சம் உட்காருவோம்" என்றார்.

"நீங்க உட்காருங்க, நான் போறேன்" என்று போட் ஜெட்டிக்கு வந்துவிட்டேன்.

அது கடைசி போட். அப்பா இருபத்தெட்டு வருஷம் ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் போட் வேலை பார்த்த மனுஷன். ரிட்டயர் ஆன பிறகும் அவரை யாரும் பயணியாக எண்ணுவதில்லை. எங்கேயோ ஸ்டாஃபோடு நின்று பேசிக்கொண்டிருப்பார். அஸ்லம் தலை எண்ணினான், அவர் இல்லாமலே கணக்குச் சரியாக வந்தது.

இக்கரையில் எல்லோரும் இறங்கிய பிறகுதான் தேடினோம். திரும்பப் போய்ப் பார்த்தபோது அதே சுவரில் சாய்ந்திருந்தார். செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் வைத்திருந்தார். உடம்பு சில்லிட்டிருந்தது.

யாரும் என்னைக் கேட்கவில்லை என்று போலீஸில் சொன்னேன். உன்னிடமும் அதையே சொன்னேன். அவன் கேட்டான், பாப்பா. கயிற்றை அவிழ்க்கும் முன்னால், "பாபி, அண்ணன் கிதர்?" என்று, அப்பா எங்கே என்று என்னைக் கேட்டான்.

நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அவர் என்னைக்கு என்கூட உட்கார்ந்தார்? இன்ஜின்கிட்ட நிப்பார். சலோ, எடு" என்றேன்.

அம்மா