மிளகும் தகரக் கொட்டகையும்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், வெயில்தான் எங்களைச் சுகமாக இருக்க விடமாட்டேன் என்கிறது. நீயும் மாப்பிள்ளையும் நன்றாக இருப்பீர்கள் என்ற தைரியத்தில் தொடங்குகிறேன். அண்ணனுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது, அவனே சொல்லியிருப்பான். உன் நாய் இந்த அனலில் நாக்கைத் தொங்கப் போட்டு மூச்சிரைக்கிறது என்றாயே, அதற்கு நாலு வார்த்தை எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் முதலில் நம் தெருவில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், சொல்லாவிட்டால் எனக்கு நெஞ்சு தாங்காது.

எதிரே டயர்க்கடைக்காரர் பழைய டயர்களைப் போட்டுப் பூட்டி வைத்திருக்கும் தகரக் கொட்டகைக்குள், கதவடிச் சந்து வழியாக நுழைந்து ஒரு தெருநாய் குட்டி போட்டிருந்தது. உடம்பெல்லாம் கறுப்புப் புள்ளி, அதனால் அம்மா அதை மிளகு என்பாள். செவ்வாய்க்கிழமை மத்தியானம் கரண்ட் போய்விட்டது. தையல் மெஷின் நின்றதும் வாசலில் வந்து உட்கார்ந்தேன். மிளகு வெளியே வந்து, குழாயடியில் தேங்கிய தண்ணீரில் வயிறு நனையப் புரண்டுவிட்டு உள்ளே ஓடியது. சற்று நேரத்தில் மறுபடியும் வந்தது. கொழுப்பைப் பார் என்று சிரித்தேன். அம்மாதான், "அது ஒரு வாய் கூடக் குடிக்கலைங்க, நனைஞ்சுட்டு உள்ளேல்ல ஓடுது" என்றாள். போய்த் தரையோடு தரையாகப் படுத்துச் சந்தில் எட்டிப் பார்த்தேன். அடுப்பைத் திறந்த மாதிரி முகத்தில் அடித்தது சூடு. உள்ளே அது மல்லாந்து கிடக்க, குட்டிகள் அந்த ஈர வயிற்றில் ஒட்டிக்கொண்டிருந்தன. குட்டியைக் கவ்விக்கொண்டு வெளியே வர முடியாதபடி சந்து அவ்வளவு தாழ்வு, அதனால் தண்ணீரைத் தன் உடம்பில் சுமந்து போயிருக்கிறது. ஈரம் காய்ந்ததும் எழுந்து, நான் கிடப்பதைக் கூட மதிக்காமல், என் முகத்தை உரசிக்கொண்டு குழாயடிக்கு ஓடியது. நான் எழுந்திருக்கவும் மறந்து அப்படியே கிடந்தேன்.

திரும்பி வரும்போது நடுத்தெருவில் கால் பின்னி விழுந்தது, வாயெல்லாம் நுரை. தூக்கி வந்து நம் கூடத்துத் தரையில் போட்டேன். அம்மா கால்நடை டாக்டரம்மாவைப் போனில் பிடித்தாள். "ஐஸ் தண்ணி வேண்டாம், சாதாத் தண்ணியே போதும். வயிறு, காலிடுக்கு, பாதம் எல்லாம் நனைச்சு விசிறிக்கிட்டே இருங்க, வாயில வலுக்கட்டாயமா ஊத்திடாதீங்க, இதோ வர்றேன்" என்றார் அவர். நான் அட்டையால் விசிற, அம்மா டயர்க்கடைக்காரரைக் கூப்பிட்டாள். "பூட்டு போனாப் போகுது, உடைங்கக்கா" என்றாராம். சுத்தியலோடு போனவள் துணிக்கூடையில் நான்கு குட்டிகளோடு வந்தாள்.

கொஞ்சம் மூச்சு சீரானதும் மிளகு தள்ளாடி எழுந்து குட்டிகளை ஒவ்வொன்றாக முகர்ந்தது. முகர்ந்துவிட்டு வாசலுக்கு நடந்தது. "எல்லாம் வந்தாச்சு, படுடி" என்று பிடித்தேன். என்னைக் கடிக்கவில்லை, இழுத்துக்கொண்டே நின்றது. "விடுங்க, எதுக்குப் போகுதுன்னுதான் பார்ப்போமே" என்றாள் அம்மா. நிற்கவே தெம்பில்லாத அந்த நாய் நேரே கொட்டகைக்குள் போய், அடியிலிருந்த ஒரு டயரில் மூக்கை வைத்து முனகியது. டயருக்குள் கையை விட்டேன். என் உள்ளங்கையளவு ஒரு குட்டி, கொதித்துப்போய், அசைவில்லாமல் வந்தது.

அம்மா அதை மடியில் போட்டு ஈரத்துணியால் ஒற்றிக்கொண்டே இருந்தாள். உயிரில்லை என்றுதான் நினைத்தேன். பிறகு ஒரு கால் லேசாக உதைத்தது. மிளகு அதை ஒரு முறை நக்கிவிட்டு, அப்போதுதான், அப்போதுதான் மகளே, கிண்ணத்துத் தண்ணீரில் வாய் வைத்தது. டாக்டரம்மா வந்து குளுக்கோஸ் ஏற்றினார், தாயும் குட்டிகளுமாக ஆறும் பிழைத்துவிட்டன. கடவுளைப் பற்றி நான் அதிகம் பேசாதவன், உனக்குத் தெரியும். அன்று அம்மா விளக்கேற்றியபோது நானும் பக்கத்தில் போய் நின்றேன்.

நீ உன் நாயை உச்சி வெயிலில் நடத்தாதே. புறங்கையைச் சாலையில் வைத்துப் பார், உன் கை பொறுக்காவிட்டால் அதன் பாதமும் பொறுக்காது. தண்ணீரை நிழலில் வை, அடிக்கடி மாற்று. ஒரு நிமிஷம்தானே என்று காருக்குள் விட்டுப் போகாதே. தள்ளாடினால் நனைத்துக்கொண்டே டாக்டரிடம் ஓடு.

நீங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் துணையாக நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கூப்பிட மறந்துவிடாதே. அந்தக் கடைசிக் குட்டியைப் பற்றிச் சொல்லும்போது அவளுக்குக் குரல் உடையும், நீ கவனிக்காத மாதிரி கேட்டுக்கொள்.

அன்புடன்,
அப்பா