மவுத் ஓர்கனுக்கு ஒரு வால்வ் பெட்டி

2025 பெப்ரவரி 9, ஞாயிறு

என் மிளகாய் மில்லைப் பூட்டிவிட்டு வத்தேகமவிலிருந்து கண்டிக்கு பஸ் ஏறினேன். இசைக்கருவிக் கடையில் கழுத்துப்பட்டி கட்டிய ஒருவன், "யாருக்கு மேடம், மகனுக்கா?" என்றான். எனக்கு என்றேன். கிட்டாரா என்று கேட்டான். மவுத் ஓர்கன் என்றேன். சிரிப்பை அடக்குகிறேன் என்று நினைத்துக்கொண்டு சிரித்தான்.

எனக்கு வேண்டியது சத்தத்தைக் கூட்டும் சின்ன அம்ப் ஒன்று. பழைய ரேடியோவுக்குள் செம்மஞ்சளாக எரியுமே வால்வ், அது வைத்தது. வாவிக்கரை ஹோட்டலில் சனி மாலைகளில் வாசிக்க எங்கள் மூவரையும் கேட்டிருக்கிறார்கள். பார்த்துப் பிடித்தால் வருடம் முழுக்க. அங்குள்ள ஸ்பீக்கரில் என் மவுத் ஓர்கன் தகரப் பேணிக்குள் மாட்டிய நுளம்பு மாதிரிக் கேட்கிறது. இத்தனை வருடம் வாசித்துவிட்டு நுளம்பாக மேடை ஏற நான் தயாரில்லை.

அவன் காட்டியது மேசையளவு பெட்டி. "இதான் மேடம் சின்னது." ரொம்ப நல்லது, நீயே வைத்துக்கொள்.

பெப்ரவரி 11

கூட வாசிக்கும் நிரோஷன் வால்வ் அம்ப் பற்றி ஏழு வீடியோ அனுப்பியிருக்கிறார். ஏழிலும் தாடி வைத்த ஒரு ஆள் கண்ணை மூடிக்கொண்டு, சத்தம் வெதுவெதுப்பாக இருக்கிறது என்கிறான். வெந்நீரா?

பெப்ரவரி 16, ஞாயிறு

நிரோஷன் வீட்டில் ஒத்திகை. அவர் யாழ்ப்பாணத்துப் பிள்ளை, கண்டியில் பேங்க் வேலை, எங்கள் கிட்டார். மனைவி தர்ஷனா பாடுகிறாள். நல்ல குரல், தைரியம்தான் இல்லை. புருஷன் முகத்தைப் பார்த்துப் பார்த்துப் பாடுகிறாள்.

யாரோ சிநேகிதரிடம் இரவல் வாங்கிய அம்ப் ஒன்றை நிரோஷன் கொண்டு வந்திருந்தார். வெளிநாட்டில் ஒரு ஆள் தனியாகக் கையால் செய்து, ஒவ்வொன்றிலும் கையெழுத்துப் போட்டு விற்பதாம். கையெழுத்து அழகாக இருந்தது. வாசித்தால் தலையில் கம்பளியைப் போர்த்தியது மாதிரி ஒரு சத்தம். சொன்னேன்.

"அக்கா, எனக்கெண்டால் நல்லாக் கேக்குது," என்றார்.

ஏழு வீடியோ பார்த்த காதுக்கு எல்லாம் நல்லாகத்தான் கேட்கும்.

பெப்ரவரி 20

மில்லில் பாப்பம்மாவிடம் கொத்தமல்லியைத் தனியாக வை என்று மூன்று தடவை சொன்னேன். மிளகாய் அரைத்த கையோடு அதையும் கொட்டிவிட்டாள். பதினான்கு வருடம் இந்த மிசினுக்குப் பக்கத்தில் நிற்கிறாள், மண்டைக்குள் ஒன்றும் ஏறுவதில்லை. இந்த லட்சணத்தில் சித்திரை வருடப்பிறப்புக் கூட்டம் வேறு வரப்போகிறது.

பெப்ரவரி 23, ஞாயிறு

பிலிமத்தலாவை. ஹுதைபா என்பவர் வீட்டின் பின்னறையில் வால்வ் அம்ப் செய்கிறார், மாதத்துக்கு ஒன்று. மனைவி றிப்தா ஈயம் வைத்து ஒட்டுகிறாள். அவருடைய கையைவிட அவளுடைய கை சுத்தம். அவரே அதைச் சொன்னார், அது பிடித்திருந்தது.

பெட்டி என் மடியில் அடங்கும். இரண்டு வால்வ், ஐந்து வாட், எட்டு அங்குல ஸ்பீக்கர். வாசித்தேன். அடியில் நல்ல தடிப்பு இருந்தது. இப்படி ஒரு தடிப்பை நான் இதுவரை கேட்டதில்லை. ஆனால் மேலே ஒன்றுமே இல்லை. அதே கம்பளி.

"மேல உள்ள சத்தத்த நான்தான் கொறச்சி ஈக்கேன் மிஸ்," என்றார். "நீங்க மைக்கையும் ஓர்கனையும் சேத்துக் கையால பொத்திப் புடிக்கிறீங்க. மேல் சத்தத்த விட்டா அம்ப் கத்தும்."

ஒரு சின்னக் கெப்பாசிட்டர்தான் அந்தக் கம்பளியாம். கழற்றுங்கள் என்றேன். கத்தும் என்றார். கத்தினால் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். வாசிப்பது நான், ஈயம் உருக்குபவர் எனக்குச் சொல்லித் தருகிறார்.

கழற்றினார். வாசித்தேன். கம்பளி போய்விட்டது. இதுதான், இதுதான்!

றிப்தா எழுந்து அடுத்த அறைக்குப் போனாள். தேத்தண்ணி போடப் போகிறாள் என்று நினைத்தேன். தேத்தண்ணி வரவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

புதுப் பெட்டியோடு ஒத்திகை. என்ன சனங்கள் இவர்கள். தர்ஷனா பாட்டின் நடுவில் தோட்டைத் திருகுவது போல இரண்டு காதையும் பிடித்துக்கொண்டு நின்றாள். கதிரைக்குக் கீழே படுத்திருந்த நாய் எழுந்து தெருவுக்கு ஓடிவிட்டது. அந்த வீட்டில் நாய்க்கும் ரசனை இல்லை.

நிரோஷன் மெதுவாக ஆரம்பித்தார். "அக்கா, கொஞ்சம் கூடக் கூர்மையா இருக்குது எண்டு நினைக்கிறன்."

"நெனைக்கிறத பேங்க்ல வச்சிக்கங்க தம்பி," என்றேன். தர்ஷனா நிலத்தைப் பார்த்தாள். அதோடு யாரும் வாய் திறக்கவில்லை. நல்லது, வேலை நடந்தது.

மார்ச் 18

வீட்டில் வாசித்துப் பழகினேன். ரவிகுமார் பேப்பரைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார். கல்யாணம் கட்டிய நாளிலிருந்து இவருக்கு இசை என்றால் செய்திக்கு முன்னால் வருவதுதான்.

மார்ச் 29, சனி

எப்படி எழுத.

வாவிக்கரையில் முதல் பாட்டு. நல்லா வாசிச்சேன். சத்தியமா நல்லா வாசிச்சேன். முன் மேசையில் இருந்த வெள்ளைக்காரி துவாயால் காதைப் பொத்தினாள். பக்கத்து மேசைப் புருஷனும் பொண்டாட்டியும் எழுந்து தூர மேசைக்குப் போனார்கள். மனேஜர் வந்து சிரித்துக்கொண்டே, கொஞ்சம் குறைக்கலாமா என்றார். குறைத்தேன். இரண்டாவது பாட்டில் திரும்பவும் வந்தார், இந்தத் தடவை சிரிப்பு இல்லை.

மூன்றாவது பாட்டின் நடுவில் நிரோஷன் குனிந்து என் வயரைப் பிடுங்கினார். எல்லார் முன்னாலும். நான் ஊதிக்கொண்டே இருக்கிறேன், பெட்டி செத்துக் கிடக்கிறது.

"போதும் அக்கா," என்றார்.

போதுமாம். என்ன போதும்? யாரு அவன் எனக்குப் போதும் சொல்ல? பெட்டியைத் தூக்கிக்கொண்டு த்ரீவீலரில் வந்தேன், வத்தேகம வரைக்கும்.

மார்ச் 31

தர்ஷனா போனில் கூப்பிட்டாள். கிட்டாரும் பாட்டும் மட்டும் போதும் என்று மனேஜர் சொல்கிறாராம். "நாங்க இன்னும் ஒண்டும் சொல்லேல்ல அக்கா," என்றாள். சொல்லிக்கொள்ளுங்கள். போய் வெதுவெதுப்பாக வாசியுங்கள்.

ஏப்ரல் 3, வியாழன்

பெட்டியை ஹுதைபாவின் முகத்தில் எறிவது என்று தீர்மானித்துப் போனேன். மில்லில் மிளகாய் மூட்டை வாசல் வரை. பாப்பம்மா பார்த்துக்கொள்வாள் என்று விட்டுப் போனேன்.

அவருக்குக் கோபமே வரவில்லை. இன்னும் ஒருக்கா வாசிங்க மிஸ் என்றார். வாசித்தேன். பாதியில் கையைக் காட்டி நிறுத்தி, "இப்ப ஒரு கூச்சல் வந்திச்சே, கேட்டிச்சா?" என்றார்.

"என்ன கூச்சல்? நான் வாசிச்சதச் சொல்றீங்களா?"

இல்லையாம். வாசிப்புக்கு மேலே இன்னொன்று, ஊசி மாதிரி. பிறகு ஒரு மிசினை எடுத்து வைத்தார், அம்ப்களைச் சோதிக்கும் மிசின். அதிலிருந்து ஸ்பீக்கரில் ஒற்றைச் சத்தம் வரும், அவர் திருகத் திருக மேலே போகும். "கேக்கிற வரைக்கும் கையத் தூக்கிட்டு ஈங்க. நின்டா எறக்குங்க." றிப்தாவும் என் பக்கத்தில் நின்று கையைத் தூக்கினாள்.

சத்தம் மேலே போனது. மெலிந்தது. நின்றது. கையை இறக்கினேன்.

றிப்தா இறக்கவில்லை. விளையாடுகிறாள் என்று நினைத்தேன். அவள் முகத்தில் விளையாட்டு இல்லை, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். மிசினைப் பார்த்தேன். சத்தத்தின் அளவைக் காட்டும் முள் முன்னே இருந்த இடத்திலேயே நின்றது. சத்தம் கொஞ்சமும் குறையவில்லை. அவர் நிறுத்தியதும்தான் முள் விழுந்தது, அவள் கையும் விழுந்தது.

இந்தத் தடவை றிப்தா தேத்தண்ணி கொண்டு வந்தாள்.

ஏப்ரல் 4

மனுசரிடம் வாதாடலாம். அந்த முள்ளிடம் என்ன சொல்ல?

ஏப்ரல் 8, செவ்வாய்

கண்டியில் காதுப் பரிசோதனை. கண்ணாடிக் கூண்டு, தலையில் கருவி, கையில் ஒரு பொத்தான். வெளியே வந்ததும் வரைபடம் காட்டினார்கள். கோடு பாதி வரை நேராக வந்து, பிறகு பள்ளத்தில் இறங்குகிறது.

"எத்தின வருசமா மில்லுல வேல?" என்றார் டொக்டர்.

இருபத்திரண்டு.

"காதுக்கு என்னா போடுவீங்க?"

மூக்குக்குத் துணி கட்டுவோம் என்றேன். போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார்.

ரவிகுமாரிடம் சொன்னேன். "டீவிய நீ எவ்வளவு கூட்டி வைக்கிறனு எனக்குத் தெரியும்," என்றார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொல்லிட்டு யாரு வாங்கிக் கட்டிக்கிறது?"

ஏப்ரல் 10

மாலையில் மிசினை நிறுத்தினேன். பாப்பம்மா முதுகு காட்டி மாவைக் கூட்டிக்கொண்டிருந்தாள். பின்னால் நின்று சாதாரணக் குரலில் கூப்பிட்டேன். திரும்பவில்லை. கிட்டப் போய்க் கூப்பிட்டேன். திரும்பவில்லை. என் நிழல் விழுந்ததும்தான் பதறிப் பார்த்தாள். "ஏசாதீங்க அக்கா, என்னா சொன்னீங்க?"

ஏசாதீங்க. நான் இன்னும் ஒன்றுமே சொல்லவில்லை.

அந்த இடத்தில் அவளை நிறுத்தியது நான்தான். மிசினுக்கு ஒட்டி, பதினான்கு வருடம். நான் கணக்கு மேசையில் இருந்துகொண்டே இவ்வளவு இழந்திருக்கிறேன். வருடப்பிறப்பு முடிந்த முதல் கிழமையில் அவளைக் காதுப் பரிசோதனைக்குக் கூட்டிப் போகிறேன். காதுமூடி இன்றைக்கே வாங்கினேன், இருவருக்கும். அவள் மாட்டிப் பார்த்துச் சிரித்தாள்: "ஏரோப்பிளேன் ஓட்டப் போறமா?" எனக்குச் சிரிப்பு வரவில்லை. மன்னித்துக்கொள் என்று சொல்ல வாயெடுத்தேன். காதில் மூடியோடு நின்றாள், கேட்டிருக்காது. கழற்றச் சொல்லிவிட்டுச் சொன்னேன். என்னத்துக்கு அக்கா என்று கேட்டாள். மிசினுக்குப் பக்கத்தில் நிறுத்தியதுக்கு, ஏசியதுக்கு என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

ஏப்ரல் 19, சனி

நிரோஷன் வீட்டுக்குப் போனேன். இருவரையும் உட்காரவைத்து வரைபடத்தைக் காட்டினேன்.

நிரோஷன் அதை அதிக நேரம் பார்த்தார். "வயரைப் பிடுங்கினதுக்கு மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா."

தர்ஷனாதான் மற்றதைச் சொன்னாள். "ஒத்திகையிலயே சொல்லோணும் எண்டு நினைச்சம். உங்கட வாய்க்குப் பயந்து விட்டுட்டம்." முதல் தடவையாகப் புருஷன் முகத்தைப் பார்க்காமல் பேசினாள்.

கெட்டிக்காரி. நன்றாக உறைத்தது எனக்கு.

ஹுதைபா அந்தக் கெப்பாசிட்டரைத் திரும்ப வைத்துத் தந்திருக்கிறார். எனக்குப் பழைய கம்பளிதான். மற்றவர்களுக்குச் சரியாம். இன்னுமொரு சனிக்கிழமை தரச் சொல்லி நிரோஷன் மனேஜரிடம் பேசுகிறார்.

மே 3, சனி

வாவிக்கரை. நிரோஷனின் கிட்டார் தனி ஆவர்த்தனம் இன்றும் ஒரு சாப்பாட்டு நேரம் நீண்டது. அந்த மனுசனுக்கு முடிக்கத் தெரியாது.

பெட்டியின் திருகுகளைத் தர்ஷனாவிடம் விட்டேன். அவள் எங்கே வைத்தாளோ அங்கேதான் வாசித்தேன், ஏழு பாட்டு. யாரும் மேசை மாறவில்லை. கடைசிப் பாட்டில் பரிமாறுகிற பையன்கள்கூட நின்றுவிட்டார்கள் என்று பிறகு சொன்னார்கள். எனக்குக் கேட்டது பாதிதான்.

முடிந்ததும் தர்ஷனாவிடம் கேட்டேன், எப்படி இருந்தது என்று. ஐந்தாவது பாட்டில் கையை அதிகமாகப் பொத்திவிட்டேன் என்று ஆரம்பித்தாள். இடையில் பேசாமல், அவள் சொல்லி முடிக்கும் வரை நின்றேன்.