வெளுத்த சுரப்பிகள்

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வீக்கம் வற்றியதா? நான் நலம்.

அன்று போனில், "அக்கா கருப்பைச் சவ்வுல ஹார்மோன் ஏற்பியே இல்லையாம். 'தரிசுக்கு எதுக்கு மருந்து'ன்னு மாமியார் கேக்கறாங்கடி" என்று நீ அழுதபோது, "பாக்கலாம்மா" என்று மட்டும் சொன்னேன். அந்த ரிப்போர்ட்டை அவசரப்பட்டு எழுதியிருக்கலாம் என்று சொல்லவில்லை. வீணாக ஆசை காட்டிவிடுவேனோ என்று பயம்.

நேற்று எங்கள் ஆய்வகத்துக்கும் அப்படி ஒரு திசு வந்தது. ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் புரதம்தான் ஏற்பி; அது இருந்தால் பழுப்பாகச் சாயம் ஏறும். இதில் சுரப்பிகள் வெளுத்துக் கிடந்தன.

"சாயம் சொதப்பிடுச்சு, தூக்கிப் போடு தாயே" என்றாள் பக்கத்து மேசைக்காரி.

"சுத்தியிருக்கற செல்லெல்லாம் பழுப்பாத்தானே இருக்கு? என்னிக்கு எடுத்ததுன்னு பாரு" என்றேன்.

மாதவிடாய்க்குச் சற்று முன் எடுத்தது. மாதச் சுழற்சியின் முற்பாதியில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் இந்த ஏற்பிகளை வளர்க்கும். பிற்பாதியில் புரோஜெஸ்ட்ரோன் என்ற இன்னொரு ஹார்மோன் வந்து வேலையைத் தொடங்கியதும், சுரப்பிகளில் அவற்றைக் குறைத்துவிடும். உள்ளே வந்த விருந்தாளியே கதவைச் சாத்துவது போல. திசு எடுத்த நாளைப் பார்க்காதவருக்கு அது குறையாகத் தெரியும். தன் திசுவை எந்த நாளில் எடுத்தார்கள் என்று அக்காவை டாக்டரிடம் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.

உன் பழைய பருத்திப் புடவை ஒன்று அனுப்பு. இங்கே போர்வை கனமாகத்தான் இருக்கிறது, தூக்கம்தான் வருவதில்லை. பஸ் வந்துவிடும், முடிக்கிறேன்.

உன் சின்னவள்

பி.கு.: இதை ஒட்டுவதற்குள் அக்கா கூப்பிட்டாள். அவளுக்கும் மாதவிடாய்க்கு முந்தின வாரம்தான் எடுத்தார்களாம். அந்தச் சமயத்துக்கு இது இயல்பு என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அதை மாமியார் கையில் கொடுத்துவிட்டு, அக்கா நம் வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள்.