மீனாவுக்கு வெயில்

12-5-1968, ஞாயிறு

மகள் மீனாவுக்கு எலும்பெல்லாம் வலி. சுவரைப் பிடித்துத்தான் படி ஏறுகிறாள். நேற்று தேவகோட்டை டாக்டர், "இந்தப் பிள்ளை மேல வெயிலே படாதா?" என்று கேட்டார். பெண் பார்க்க வருகிறவர்களுக்கு நிறம்தான் முக்கியம் என்று, வயதுக்கு வந்ததிலிருந்து அவளை வீட்டுக்குள்ளேயே வைத்திருக்கிறோம்.

இன்று காலை மாடியில், மோர்மிளகாய் காய்கிற பாய்க்குப் பக்கத்தில் அவளை உட்காரவைத்தேன்.

"கறுத்துப்போனா எவன் கட்டுவான்?" என்றாள் என் மனைவி.

"சும்மா இரு" என்றேன். எனக்கு மட்டும் குடையை விரித்துக்கொண்டு மகள் பக்கத்தில் நின்றேன். மீனா கண்ணை மூடி முகத்தை நிமிர்த்தியிருந்தாள். எனக்கு முதுகு சுட்டது.

கொஞ்ச நேரம் கழித்து மெதுவாகச் சொன்னாள்: "அப்பா, குடைய எனக்குத்தான பிடிச்சிருக்கீக."