ஏழாம் அத்தியாயத்தில் ஒன்றுமில்லை

புக்கரெஸ்ட்,
9 ஜனவரி 1984

அன்புள்ள திபேரியு,

இதைத் தபாலில் போடாமல் என் அத்தையிடம் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

பதிப்பகத்தில் கையெழுத்துப் பிரதிகளை வாசிக்கும் நாங்கள் ஐந்து பேரும் ஆளுக்கொரு பக்கம் எழுதித் தரவேண்டுமாம். ‘வாசகராக என் பலங்கள், பலவீனங்கள்.’ எங்கள் தலைவர் கோஸ்மா சிரித்துக்கொண்டே சொன்னார்: “நீங்களே எழுதிடுங்க தோழர். நாங்க எழுதினா நல்லா இருக்காது.”

நான்கு நாட்களாக வெறும் தாள். சொல்லாமல் விட்டதும் எனக்குக் கேட்கும். இது பலம். இதை எழுதினால், போன வருஷம் உள்ளர்த்தம் வைத்த அந்தக் கவிதைத் தொகுப்பை எப்படி அச்சுக்கு விட்டீர்கள் என்பார்கள்.

உன் நாவல் என் மேசையில் இருக்கிறது. ஏழாம் அத்தியாயத்தில் கோழிகள் செத்துக்கொண்டே இருக்கின்றன. கால்நடை மருத்துவரின் பட்டியலில் மட்டும் உயிருள்ள கோழிகள் கூடிக்கொண்டே போகின்றன. அந்த மருத்துவர் யாரென்று எனக்குத் தெரிந்துவிட்டது; அவர் படம் எங்கள் அலுவலகச் சுவரிலேயே தொங்குகிறது. என்ன செய்யட்டும்?

உன்
ஸ்மரண்டா


சுச்சாவா,
16 ஜனவரி

அன்புள்ள ஸ்மரண்டா,

நலம். இங்கே இடுப்பளவு பனி. பள்ளியில் பிள்ளைகள் கையுறையோடு எழுதுகிறார்கள்.

ஏழாம் அத்தியாயத்தில் ஒன்றுமில்லை. கோழி என்றால் கோழிதான். இல்லாததை வாசிப்பது உன் பழைய வியாதி. கல்லூரியில் என் சலவைச் சீட்டுக்கே பொழிப்புரை சொன்னவள் நீ. அம்மா இன்னும் சிரிக்கிறாள்: “அந்தப் பொண்ணு கோடைக்கு வருவாளாடா?”

பிரதியைத் திருப்பி அனுப்பிவிடு. சில பிழைகளைத் திருத்த வேண்டும். அவசரமில்லை.

திபேரியு


புக்கரெஸ்ட்,
24 ஜனவரி

திபேரியு,

அத்தை மறுபடி வருகிறாள்.

உன் கடிதம் நிம்மதி தந்தது. அப்படியே எழுதிக் கொடுத்தேன்: ‘பலவீனம்: இல்லாததை வாசிப்பது.’

கோஸ்மா படித்துவிட்டு, “ஒரே ஒரு உதாரணம் சொல்லுங்க, போதும்” என்றார்.

வேறு எந்தப் புத்தகமும் நினைவுக்கு வரவில்லை. உன் கோழிகளைச் சொன்னேன். நான்தான் தப்பாக எடுத்துக்கொண்டேன், அதில் ஒன்றுமில்லை என்றேன்.

பிரதியை அவரே எடுத்துப் போனார். சாயங்காலம் என் மேசைக்கு வந்தார். “தப்பா இல்ல தோழர். நீங்க சரியாத்தான் வாசிச்சிருக்கீங்க.”

உடனே எழுது. திட்டியாவது எழுது.

ஸ்மரண்டா


புக்கரெஸ்ட்,
20 பிப்ரவரி

திபேரியு,

இதைக் கொண்டுவர அத்தை மறுத்துவிட்டாள். ஆனாலும் எழுதுகிறேன்.

பதில் வரவில்லை; உன் ஜனவரிக் கடிதத்தைத் தினமும் எடுத்துப் பார்க்கிறேன். ‘அவசரமில்லை’ என்று எழுதி, விரைவுத் தபாலில் அனுப்பியிருக்கிறாய். உறையும் என் கையில்தானே இருந்தது! ஒன்றுமில்லை என்றது வழியில் கடிதத்தைப் பிரிப்பவர்களுக்கு. எனக்கு இருந்தது ஒரே வரி: திருப்பி அனுப்பு.

பயந்தால், எனக்கு வேண்டியதை மட்டும் வாசிக்கிறேன். தாளில் பலவீனம் என்று எழுதியிருக்க வேண்டியது அது.

என்னை மூத்த வாசகர் ஆக்கிவிட்டார்கள்.

நேற்று தபால் நிலையத்திலிருந்து உன் வீட்டுக்குத் தொலைபேசினேன். அம்மா எடுத்தார்கள். என் பெயரைச் சொன்னேன்.

“அப்படி யாரையும் எங்களுக்குத் தெரியாதும்மா. இந்த வீட்டுல யாரும் எழுதறதில்ல.”

பிறகு, மெதுவாக: “உடம்பப் பாத்துக்க.”

நீ எங்கே என்று நான் கேட்கவில்லை. வைத்துவிட்டேன்.

ஸ்மரண்டா