சுதந்திரப் பறவைக்கு எத்தனை மார்க்?

மார்ச் 4, திங்கள்

காலையில் ஹேர் டிரையர் கம்பெனிக்கான பயன்பாட்டுக் கையேட்டை அனுப்பிவிட்டு நிமிர்ந்தேன், நான் அவ்வப்போது எழுதும் இணைய இதழின் ஆசிரியை போன் செய்தார். ஃப்ரீலான்ஸ் எழுத்தைப் பற்றி வலைப்பூ நடத்துகிறவர்கள் மழைக்கு முளைத்த காளான் மாதிரி பெருகிவிட்டார்களாம். "வீட்ல உக்காந்து எழுதிப் பிழைக்கிறது எப்படின்னு ஆளாளுக்குச் சொல்லித் தராங்க. எது உருப்படி, எது உதவாக்கரைன்னு யாராவது படிச்சுச் சொல்ல வேண்டாமா? நீங்களும் அந்தத் தொழில்லதானே இருக்கீங்க." ஏழு வலைப்பூக்களை ஒப்பிட்டு, வரிசைப்படுத்தி, மாதக் கடைசிக்குள் ஒரு கட்டுரை.

சரி என்று சொல்லிவிட்டேன். அடுத்தவர் எழுத்துக்கு மார்க் போடச் சொல்லிக் கூலியும் கொடுத்தால் யாருக்குக் கசக்கும்.

போனை வைத்த கையோடு அண்ணன். "வீட்ல சும்மாதானே இருக்கே? வாஷிங் மெஷின் ரிப்பேர்காரர் வரேன்னிருக்கார். சாவி உன்கிட்ட இருக்கில்ல, போய்த் திறந்து விட்டுடு." போனேன். பத்து மணிக்கு வருவதாகச் சொன்னவர் மத்தியானம் வந்தார். அதுவரை அண்ணன் வீட்டு சோபாவில் உட்கார்ந்து முதல் வலைப்பூவைப் படித்தேன். முதல் பாடமே, 'உங்கள் வேலை நேரத்தை மற்றவர்கள் மதிக்கும்படி பழக்குங்கள்.' நல்ல பாடம்தான்.

மார்ச் 5, செவ்வாய்

சாயந்திரம் அண்ணன் நேரிலேயே வந்தார். தண்ணீர் மோட்டார் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் எழுத்து வேலைக்கு ஆள் எடுக்கிறார்களாம். அவருடைய நண்பர் அங்கே கணக்குப் பிரிவில் இருக்கிறார். "மோட்டாரோட ஒரு சின்னப் புத்தகம் குடுப்பாங்க இல்ல, அதை எழுதற வேலை. நீ இப்பச் செய்யறதுதான். ஆனா மாசம் பொறந்தா சம்பளம், மேஜை, நாற்காலி. நாலு பேர் கேட்டா, தங்கச்சி இந்த இடத்துல வேலை பாக்கறான்னு நானும் சொல்லிக்குவேன்."

கடைசியாகச் சொன்னதுதான் அவர் மனதில் இருப்பது. அண்ணன் கெட்டவர் இல்லை. என்னைப் படிக்க வைத்தவரே அவர்தான். நான் வீட்டில் இருந்துகொண்டு செய்வது வேலை என்று மட்டும் அவருக்கு இந்த எட்டு வருடமாகப் பிடிபடவில்லை. இருபத்தொன்றாம் தேதி நேர்முகத் தேர்வுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

போய்விடலாமா? சில மாதம் மூச்சுவிட நேரமில்லை. சில மாதம் ஈ ஓட்டுகிறேன். கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிற என் கணவரைக் கேட்டால் "உன் இஷ்டம்" என்கிறார். இதைவிட உபயோகமில்லாத பதில் உலகத்தில் உண்டா?

மார்ச் 6, புதன்

மகள் கேட்கிறாள்: "ஏம்மா, எல்லாருக்கும் மார்க் போடறியே, உனக்கு யாரு போடுவா?"

மார்ச் 8, வெள்ளி

ஏழையும் ஒரு சுற்று படித்தாயிற்று. எல்லோருக்கும் பட்டப்பெயரும் வைத்தாயிற்று.

விடியற்காலைக்காரர்: நான்கு மணிக்கு எழுந்தால் எழுத்து தானாக வரும் என்கிறார். எனக்கு நான்கு மணிக்கு எழுந்தால் கோபம்தான் வரும். முந்நூறு வழி: எதைச் சொன்னாலும் எண் போட்டுத்தான் சொல்வார். 'வாடிக்கையாளரைக் கவர முந்நூறு வழிகள்' பட்டியலில் 'நம்பிக்கையோடு இருங்கள்' மூன்று இடத்தில் வருகிறது. வாத்தியார்: சரியாகத்தான் சொல்கிறார், ஆனால் படித்து முடித்ததும் வீட்டுப்பாடம் செய்யாத பயம் வருகிறது. இரட்டையர்: இரண்டு வலைப்பூக்கள், ஒரே விஷயம். யாரைப் பார்த்து யார் எழுதுகிறார்கள் என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

அழுமூஞ்சி: ஆரஞ்சு நிற எழுத்து, கண்ணைக் குத்துகிறது. பதிவுக்குப் பதிவு புலம்பல். ஆனால் ஒவ்வொரு புலம்பலுக்கும் கீழே தான் எழுதியது, வாடிக்கையாளர்கள் வெட்டியது, வெட்டியதில் எது நியாயம் என்று பக்கத்துப் பக்கத்தில் போட்டுக் காட்டுகிறார். இதிலிருந்து நானே இரண்டு விஷயம் கற்றுக்கொண்டேன். அழுதாலும் உழுதுகொண்டே அழுகிறார்.

கடைசியாக, சுதந்திரப் பறவை. தாடி வைத்த மனிதர், கடற்கரையில் மடிக்கணினியோடு உட்கார்ந்த படம். அந்த வெயிலில் திரை தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை போலிருக்கிறது. 'அலுவலகம் ஒரு கூண்டு. நான் பறந்துவிட்டேன். நீங்கள்?' இதையே திருப்பித் திருப்பி எழுதுகிறார். இவருக்கு ஏழாமிடம், யோசிக்கவே வேண்டாம்.

மார்ச் 11, திங்கள்

நல்ல யோசனை ஒன்று. ஊருக்கு உபதேசம் செய்பவர்கள் ஒருத்தி நேரடியாகக் கேட்டால் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்துவிடுவது. ஏழு பேருக்கும் ஒரே கடிதம் அனுப்பினேன்: 'எட்டு வருடமாக ஃப்ரீலான்ஸாக எழுதுகிறேன். ஒரு கம்பெனியில் நிலையான வேலை கிடைக்கும்போல் இருக்கிறது. போகலாமா?'

கட்டுரைக்கான சோதனை என்றுதான் ஆரம்பித்தேன். அனுப்பிய பிறகு பார்த்தால், பதிலுக்காக நிஜமாகவே காத்திருக்கிறேன். மதில்மேல் பூனையாக ஒரு வாரம் ஆகிறது. யாராவது இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தள்ளிவிட்டால் தேவலை.

மார்ச் 12, செவ்வாய்

மானம் போயிற்று.

கடிதத்தை முதலில் சுதந்திரப் பறவைக்குத்தான் அடித்தேன். அவர் உண்மையான பெயர் அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை, பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று பட்டப்பெயரையே போட்டு வைத்தேன். மாற்றவில்லை. அதையே நகலெடுத்து, ஒட்டி, ஏழு பேருக்கும் — ஏழு பேருக்கும் — 'அன்புள்ள சுதந்திரப் பறவைக்கு' என்று அனுப்பியிருக்கிறேன். இந்தத் தொழிலில் புதிதாக வந்த குழந்தைகூட இதைச் செய்யாது. அனுப்பும் முன் மேலே ஒரு தடவை பார்த்தால் குறைந்தா போய்விடுவேன்?

கணவரிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவருக்குப் புரை ஏறிவிட்டது.

மார்ச் 14, வியாழன்

பதில்கள். பறவையிடமிருந்து ஒரே நிமிடத்தில் வந்திருக்கிறது, நான்தான் கவனிக்கவில்லை: 'உங்கள் ஆர்வத்துக்கு நன்றி. என் மின்னூலுக்கு இன்று மட்டும் தள்ளுபடி.' விடியற்காலைக்காரர்: 'நான்கு மணிக்கு எழுந்தால் இரண்டு வேலையும் பார்க்கலாம். இப்படிக்கு, சுதந்திரப் பறவை.' பட்டம் அவருக்குப் பிடித்துவிட்டது. முந்நூறு வழி விரைவில் ஒரு பட்டியல் போடுகிறாராம். வாத்தியார் என் கடிதத்தையே திருத்தி அனுப்பியிருக்கிறார், கேள்விக்குப் பதில் இல்லை. இரட்டையரில் ஒருவர் 'போகாதீர்கள்' என்று எழுதினார். அரைமணி கழித்து மற்றவரிடமிருந்து அதே கடிதம், பத்திகள் மட்டும் இடம் மாறி.

அழுமூஞ்சி இன்னும் பதில் போடவில்லை. யாரை நினைத்து அழுகிறாரோ.

மார்ச் 16, சனி

போட்டுவிட்டார். 'நான் பறவை இல்லை. பெயர் யாருடையது என்று ஊகித்து வயிறு வலிக்கச் சிரித்தேன், ரொம்ப நாளாயிற்று இப்படிச் சிரித்து. போகலாமா என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்கே தெரியாமல்தான் பத்து வருடமாகப் புலம்புகிறேன். ஒன்று மட்டும் சொல்லுங்கள். யாரும் கேட்காமல், நீங்களாகவே உட்கார்ந்து திருத்திய கடைசி வரி எது? அந்த மாதிரி வரிக்கு அந்த வேலையில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.'

ஹேர் டிரையர் கையேட்டில் ஒரு வரி இருந்தது. 'சூடு அதிகமானால் டிரையர் தானாக நின்றுவிடும். பயப்படாதீர்கள், அது களைப்பாறுகிறது.' அதற்காக ஒரு காலைப்பொழுது முழுவதும் மல்லுக்கட்டினேன். யாரும் கேட்கவில்லை. கம்பெனிக்காரர்கள் 'களைப்பாறுகிறது' என்பதை வெட்டிவிட்டார்கள், அது வேறு விஷயம். எழுதியபோது சந்தோஷமாக இருந்தது.

அழுமூஞ்சிக்கு முதலிடம்.

மார்ச் 21, வியாழன்

நேர்முகத் தேர்வு. வரவேற்பறையில் எனக்குப் பக்கத்து நாற்காலிக்காரர் கைக்குட்டையால் ஷூவைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தார். அதே தாடி. பின்னால் கடலுக்குப் பதிலாகத் தண்ணீர்க் கேன்.

என் வாய் சும்மா இருக்குமா? "நீங்க... சுதந்திரப் பறவைதானே?"

அவர் முகத்தில் ஈயாடவில்லை. பிறகு மெதுவாக, "ஓ. அந்த லெட்டர் நீங்கதானா? எங்களுக்குள்ள ஒரு குரூப் இருக்குங்க. எல்லாருக்கும் அதே பேர்ல வந்ததைப் போட்டுக் காட்டி, பத்து நாளா என்னை ஓட்டி எடுக்கறாங்க."

மன்னிப்புக் கேட்டேன். கேட்ட வாயோடு இதையும் கேட்டுவிட்டேன்: "ஆபீஸ்னா கூண்டுன்னு எழுதியிருந்தீங்களே?"

"எழுதினேன். கூண்டுல நேரத்துக்குத் தீனி வைப்பாங்க. அதை எழுதாம விட்டுட்டேன்."

நான் சிரித்த சிரிப்பில் வரவேற்பாளர் நிமிர்ந்து பார்த்தார். கடற்கரைப் படம் எங்கே எடுத்தது என்று கேட்டேன். அக்கா குடும்பத்தோடு போனபோது எடுத்ததாம், மடிக்கணினி மச்சானுடையது. அந்த மின்னூல் கடிதம் தானாகப் போகிறதாம், நிறுத்தத் தெரியவில்லையாம். "சாப்பிட உக்காந்தா ஒருத்தர் போன் பண்ணித் தலைப்பை மாத்துங்கறார். பையனைத் தூங்க வைக்கிறப்ப இன்னொருத்தர். ஆறு மணிக்கு மேல யாரும் கூப்பிடாத வேலை ஒண்ணு வேணுங்க, அவ்வளவுதான்."

"இதை எழுதலாமே."

"இதை யாரு படிப்பாங்க?"

"நான் படிப்பேன். மார்க்கும் போடுவேன்" என்று கட்டுரையைப் பற்றிச் சொன்னேன். இப்போது எத்தனாமிடம் என்று அவர் கேட்கவில்லை. நல்ல மனிதர்.

உள்ளே மேலாளர் ஒரு மோட்டாரைக் காட்டி, இதைப் பொருத்துவது எப்படி என்று ஒரு பக்கம் எழுதச் சொன்னார். எழுதினேன். படித்துவிட்டுச் சிரித்தார். "நல்லா இருக்கும்மா. ஆனா இவ்வளவெல்லாம் வேண்டாம். இங்க ஒரு மாதிரிப் பக்கம் இருக்கு. மாடல் நம்பரையும் ஹார்ஸ்பவரையும் மாத்தினாப் போதும்." மற்ற நேரத்தில் என்ன செய்வது என்று கேட்டேன். பழைய புத்தகங்களை அடுக்கி வைக்கலாமாம்.

மார்ச் 23, சனி

பறவை புதுப் பதிவு போட்டிருக்கிறார். தலைப்பு: 'நேற்று முன்தினம் ஷூவைத் துடைத்துக்கொண்டு ஒரு வேலை கேட்டுப் போனேன்.' கூண்டு, தீனி, மச்சானின் மடிக்கணினி எல்லாம் அப்படியே. இத்தனை நாள் எழுதியதில் இதுதான் எழுத்து. கீழே வாசகர்கள் திட்டவில்லை. பாதிப் பேர் தாங்களும் அப்படித்தான் என்கிறார்கள்.

ஏழாமிடத்திலிருந்து நான்காமிடத்துக்குத் தூக்கினேன். இன்னும் மேலே போட்டால் பக்கத்து நாற்காலிக்குக் காட்டிய சலுகை ஆகிவிடும். கட்டுரையை அனுப்பிவிட்டேன்.

மார்ச் 25, திங்கள்

வேலை எனக்குத்தான் என்று கம்பெனியிலிருந்து போன். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அடுத்து அந்தத் தாடிக்காரரைக் கூப்பிடுவார்களாம்.

அண்ணனிடம் நானே போய்ச் சொன்னேன். "சிபாரிசு பண்ணின நண்பன் முகத்துல நான் எப்படி முழிப்பேன்? வீட்ல சும்மா உக்காரவா உன்னைப் படிக்க வெச்சேன்?"

சும்மாவா? யாரு சும்மா இருக்கா? காலையிலேர்ந்து முதுகு ஒடிய உக்காந்து எழுதறது சும்மாவா? — இதை அங்கே சொல்லியிருக்க வேண்டும். இங்கே எழுதி என்ன பிரயோசனம். அங்கே தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டேன். அழுதேன் என்பதையும் எழுதி வைக்கிறேன்.

இவர் டீ போட்டுக் கொடுத்தார். "நீ வேலைக்குப் போக மாட்டேன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்" என்றார். தெரிந்தால் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே.

ஏப்ரல் 2, செவ்வாய்

அண்ணன் போன் செய்தால் மகளிடம் மட்டும் பேசுகிறார். ஒரு சில்லறை வேலையும் சொல்வதில்லை. சொன்னால் தேவலை போலிருக்கிறது.

ஏப்ரல் 19, வெள்ளி

"மேடம், கூண்டுலேர்ந்து பேசறேன்." பறவைதான். வேலையில் சேர்ந்து மூன்று வாரம். புத்தகம் புரியாமல் மோட்டாரைத் தப்பாகப் பொருத்திவிட்டு ஜனங்கள் போனில் சண்டை போடுகிறார்களாம். வீட்டு மோட்டாருக்காவது புதிதாக எழுதலாம் என்று மேலாளரைச் சம்மதிக்க வைத்திருக்கிறார். "அன்னிக்கு நீங்க எழுதின பக்கத்தை அவர் இன்னும் டிராயர்ல வெச்சிருக்கார். என்னால ஆகாதுங்க. எனக்குக் குழாய் எந்தப் பக்கம் மாட்டணும்னே தெரியாது. நீங்க எழுதிக் குடுங்க."

ஒரு மோட்டாரை வீட்டுக்கு அனுப்பச் சொன்னேன். பார்க்காமல் எப்படி எழுதுவது?

ஏப்ரல் 23, செவ்வாய்

கூடத்தில் மோட்டார். நானும் இவரும் பிரித்து, மாட்டி, மறுபடி பிரித்தோம். ஒரு திருகாணி மிச்சம். "டீ வைக்க வசதியா இருக்கு, திருப்பிக் குடுக்கணுமா?" என்கிறார் இவர்.

மே 3, வெள்ளி

எழுதி அனுப்பினேன். ஒரு வரி அதிகப்படி என்று மேலாளர் அடித்திருந்தார். பறவை எனக்காக அரைமணி வாதாடி அதை மீட்டிருக்கிறார். இப்போது மார்க் போட்டால் இரண்டாமிடம் தந்துவிடுவேன், நல்லவேளை கட்டுரை வெளியாகிவிட்டது.

ஜூன் 9, ஞாயிறு

காலையில் அண்ணன் போன். நான்தான் எடுத்தேன். "மாப்பிள்ளை இருக்காரா? பெரிய ஸ்பானர் ஒண்ணு வேணும்." இவர் குளித்துக்கொண்டிருந்தார், சொன்னேன். வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. பழைய மோட்டார் எரிந்துவிட்டதாம். நண்பர் மூலமாகப் புதிது வாங்கி வந்து, தானே மாட்டிக்கொண்டிருக்கிறார்.

"ஆள் வெச்சு மாட்டக் கூடாதா?" என்றேன்.

"எதுக்கு? புத்தகம் குடுத்திருக்காங்க. எப்பவும் தூக்கித்தான் போடுவேன், இதை உக்காந்து முழுக்கப் படிச்சேன். கேளு இதை." படித்தார். "'கை ஈரமாக இருந்தால் சுவிட்சைத் தொடாதீர்கள். போய்த் துடைத்துக்கொண்டு வாருங்கள். மோட்டார் எங்கும் ஓடிவிடாது.'" சிரித்தார். இரண்டரை மாதத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பைக் கேட்கிறேன். "எவனோ நல்லா எழுதியிருக்கான். பக்கத்துல நின்னு சொல்ற மாதிரி இருக்கு."

"எவனோ இல்லண்ணா. நான்தான்."

தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது. கோபமோ என்று பயந்தேன்.

"வெச்சுடாதே, இரு" என்றார். "கையைத் துடைச்சுட்டு வரேன்."